நேம் சர்வர்களின் பங்குக் கணக்கு

இணையதளத்தின் பெயரைக் கணினிக்குரிய எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ் எனப்படுகிறது. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த இந்த ஏற்பாட்டில் எந்த ஒரு கணினியும் எல்லாப் பெயர்களையும் வைத்திருப்பதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தளத்தைக் கடலூரில் ஒருவர் திறந்தால், அவருக்கு இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் சர்வர், விடை முன்பே தன் நினைவகத்தில் இல்லாதபோது, மூலச் சர்வரில் தொடங்கி, டாட் இன், ஏசி டாட் இன் என்று படிப்படியாக விசாரித்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பொறுப்பான நேம் சர்வரை அடைகிறது. இவ்வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரிலும் ஏதேனும் ஒரு மென்பொருள் இயங்குகிறது என்பதால், எந்த மென்பொருளுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி வணிகக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை.

இத்துறையில் நெடுங்காலம் கோலோச்சியது பைண்ட். 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் நால்வர் எழுதிய இந்த மென்பொருள், பின்னர் பால் விக்சியின் கைக்கு வந்து, இன்று ஐஎஸ்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பால் இலவசமாக வழங்கப்படுகிறது. இன்ஃபோபிளாக்ஸ் நிறுவனமும் மெஷர்மென்ட் ஃபேக்டரியும் 2007-இல் வெளியிட்ட கணிப்பில், பைண்டின் ஒன்பதாம் பதிப்பு மட்டுமே 65 விழுக்காட்டைப் பிடித்திருந்தது. மைக்ரோசாஃப்டின் பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. நெதர்லாந்தில் உருவான பவர்டிஎன்எஸ், என்எஸ்டி, செக் நாட்டின் நாட் ஆகியவை பைண்டின் போட்டியாளர்கள்.

ஆயினும் இத்தகைய விழுக்காடுகளை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. கணிப்பாளர்கள் சர்வரிடமே அதன் பதிப்பைக் கேட்கிறார்கள், அல்லது விடையளிக்கும் பாங்கைக் கொண்டு ஊகிக்கிறார்கள். நிர்வாகியோ பதிப்பை மறைக்கலாம், பொய்யாகவும் காட்டலாம். மேலும், ஒரு கல்லூரியின் ஒற்றைப் பெயரைத் தாங்கும் சர்வரும், பல இலட்சம் பெயர்களைத் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரும் எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்பதால், சர்வர்களை எண்ணினால் ஒரு மென்பொருளும் பெயர்களை எண்ணினால் வேறொன்றும் முந்தக்கூடும்.

பங்கைக் காட்டிலும் முக்கியமானது கலப்பு. வீராணம் பாசனப் பரப்பு முழுவதும் ஒரே நெல் ரகத்தை நட்டால் ஒரு நோய்க்கே அத்தனையும் இரையாகக்கூடும் என்பதை உழவர் அறிவர். மென்பொருளுக்கும் அது பொருந்தும். 2015-இல் பைண்டில் வெளிப்பட்ட ஒரு குறையால், தவறாக வடிவமைக்கப்பட்ட ஒரே ஒரு தகவல் பொட்டலம் சர்வரையே நிறுத்திவிட முடிந்தது. என்எஸ்டியில் அந்தக் குறை இல்லை. 13 மூலச் சர்வர் முகவரிகளுள் ஒன்றான கே-ரூட் 2003-இலேயே என்எஸ்டிக்கு மாறியதற்கு இந்தக் கலப்பே நோக்கம். 2005-இல் இந்தியாவுக்கு மூலச் சர்வர்களின் நகல்கள் வந்தபோது, சென்னைக்குக் கிடைத்தது பைண்டை எழுதும் ஐஎஸ்சியே நடத்தும் எஃப்-ரூட். கே-ரூட்டின் நகல் டெல்லி வட்டாரத்தில் அமைந்தது. ஆனால் கலப்பு எல்லா நோய்க்கும் மருந்தாகாது: 2024-இல் வெளியான கீட்ராப் என்ற குறை டிஎன்எஸ் பாதுகாப்பு விதிகளிலேயே இருந்ததால், பைண்ட், அன்பௌண்ட் முதலிய பல மென்பொருள்களையும் ஒருசேரத் தாக்கியது.

மென்பொருள் கலந்திருந்தும் சர்வர்கள் ஓரிடத்திலேயே இருந்தால் பயன் குறைவு. ஒரு பெயருக்குரிய நேம் சர்வர்களை வெவ்வேறு ஊர்களிலும் வெவ்வேறு இணைப்புகளிலும் வைக்க வேண்டும் என்று 1997-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமே பரிந்துரைக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்ததை நினைத்தால், அப்பரிந்துரையின் பொருள் இங்கே எளிதில் விளங்கும்.

ஆகவே கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் சொந்தமாக நேம் சர்வர் நடத்தும் கல்லூரிகளும் நிறுவனங்களும் எந்த மென்பொருள் முதலிடத்தில் உள்ளது என்று பார்த்துக்கொண்டிராமல், இரண்டாவது சர்வரை மாவட்டத்துக்கு வெளியே, இயன்றால் வேறொரு மென்பொருளில், நிறுவிவிடுவதே நல்லது. இம்மென்பொருள்களில் பெரும்பாலானவை இலவசம் என்பதால், இதற்குத் தேவைப்படுவது பணத்தைவிட முன்யோசனையே.