கம்ப்யூட்டரா? கன்சோலா? முந்துவது யார்?



நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நடக்கிற பட்டிமன்றங்களில் தீர்ப்பே கிடைக்காத தலைப்பு ஒன்று உண்டு. கிராஃபிக்ஸிலும் தொழில்நுட்பத்திலும் கேமிங் பி.சி. முந்துகிறதா, இல்லை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்கள் முந்துகின்றனவா? இரண்டு கட்சியும் தொண்டை வறளக் கத்தும். கடைசியில் வார்டன் வந்து விளக்கை அணைப்பார். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தை இந்த மலரில் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1993-ல் 'டூம்' என்ற விளையாட்டு பி.சி.யில் வந்து உலகையே கலக்கியது. ஆனால் அன்றைய சாதாரண பி.சி.யில் முப்பரிமாணப் படம் வரையத் தனி சிப் கிடையாது. முழுச் சுமையும் பிராசஸர் தலையில்தான். 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன், அந்த வேலைக்கென்றே தனி ஹார்டுவேரோடு வந்தது. ஆக, அந்த ஓட்டத்தில் முந்தியது கன்சோல்! 1996-ல் 'வூடூ' கிராஃபிக்ஸ் கார்டு வந்த பிறகுதான் பி.சி. எட்டிப் பிடித்தது. ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்!

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரைகிற முறைக்கு 'ரே டிரேசிங்' என்று பெயர். இதற்கான ஹார்டுவேர் 2018-லேயே என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். கார்டுகளில் வந்துவிட்டது. கன்சோல்களுக்கு வந்தது 2020 நவம்பரில். சின்ன படத்தை ஏ.ஐ. உதவியால் பெரிய, தெளிவான படமாக்கும் டி.எல்.எஸ்.எஸ். உத்தியும் 2018-ல் பி.சி.க்கு வந்தது. பிளேஸ்டேஷனில் அதே மாதிரியான உத்தி, 2024-ல் 'பிளேஸ்டேஷன் 5 புரோ' வெளியானபோதுதான் வந்தது. 2025 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுக்கு மட்டும் 32 ஜி.பி. மெமரி. பிளேஸ்டேஷன் 5-ல் மொத்தமே 16 ஜி.பி.; அதையும் பிராசஸரும் கிராஃபிக்ஸும் பங்கு போட்டுக்கணும்.

அப்படின்னா பி.சி. ஜெயித்ததா? உச்சியில் பார்த்தால், சந்தேகமே இல்லை, ஜெயித்தது. ஆனால் நண்பர்களே, அந்த 5090-ன் அறிவிப்பு விலை 1,999 டாலர். கார்டு மட்டும்தான், மற்றதெல்லாம் தனிக் காசு. அது இழுக்கும் மின்சாரம் 575 வாட் வரை. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது விலை 499 டாலர். விளையாடும்போது எடுப்பது ஏறக்குறைய 200 வாட். ஒரு கார்டு விலைக்கு நாலு கன்சோல்! கன்சோலை முந்துகிற பி.சி. வேற, நம்ம வாங்கப்போற பி.சி. வேற. இதை யாரும் பட்டிமன்றத்தில் சொல்வதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, கன்சோலுக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. எல்லா வீட்டிலும் இருப்பது ஒரே பெட்டி. அதனால் விளையாட்டை எழுதுகிறவர் அந்த ஹார்டுவேருக்குத் துணி அளவெடுத்துத் தைக்கிற மாதிரி புரோகிராமைத் தைக்கலாம். பி.சி.யிலோ ஆளுக்கொரு கார்டு. ஷேடர் புரோகிராம்களை அந்தந்த மெஷினிலேயே கம்பைல் பண்ண வேண்டியிருப்பதால் விளையாட்டு நடுவில் விக்குகிறது. 2020-ல் நொடிக்கு 5.5 ஜி.பி. வேகத்தில் படிக்கும் எஸ்.எஸ்.டி.யை ஒவ்வொரு பெட்டியிலும் வைத்து விற்றது பிளேஸ்டேஷன் 5. அந்த மாதிரி வேகத்தை விளையாட்டுகள் பயன்படுத்த விண்டோஸில் 'டைரக்ட் ஸ்டோரேஜ்' வந்தது 2022-ல்.

இன்னொரு பக்கம், பெட்டிக்கு வயசானால் மொத்தமும் வயசாகிறது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது, 2013-ல் பிறந்த பிளேஸ்டேஷன் 4 அதைத் தூக்க முடியாமல் தள்ளாடியது. சோனி அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்தே சில மாதம் எடுத்துவிட்டது. பி.சி.யாக இருந்தால் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, நாம என்ன செய்யணும்? விளையாட்டு மட்டும் போதும் என்கிறவனுக்குக் கன்சோலே லாபம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் வாங்க முடிவது ஒரே ஒரு பெட்டி. அதுவும் அப்பா எங்கேயோ கடன் சொல்லி வாங்குவது. 2025 கடைசியில் ஏ.ஐ. நிறுவனங்களின் தேவையால் ரேம் விலை எகிறியதும் ஞாபகம் இருக்கட்டும். அந்த ஒரு பெட்டி பி.சி.யாக இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆட்டோகேடும் ஓடும், சி புரோகிராமும் ஓடும், சர்க்யூட் போர்டும் வரையலாம், ஞாயிற்றுக்கிழமை விளையாடவும் செய்யலாம். கழற்றி மாட்டினால் பாடமும் புரியும். கன்சோலில் கம்பெனி அனுமதித்ததுதான் ஓடும். ஆனால் விரலுக்கேத்த வீக்கம் வேணும். செமஸ்டர் ஃபீஸில் கை வைத்தோ, மாதத் தவணையில் விழுந்தோ பெரிய கார்டு வாங்காதீர்கள். நடுத்தரக் கார்டு போதும். ரிச்சி தெருவில் விசாரித்து, பாகம் பாகமாகச் சேர்த்தாலும் தப்பில்லை.

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டு நிதியில் ஒரே ஒரு நல்ல பி.சி.க்கான பாகங்களை வாங்கித் தாருங்கள். எல்லாத் துறைப் பசங்களும் சேர்ந்து நாங்களே அசெம்பிள் செய்கிறோம். வாங்க வசதியில்லாத பையனும் அதைத் திறந்து பார்க்கட்டும், தொட்டுப் பழகட்டும். யார் முந்தினார்கள் என்று கத்துவதை விட, எதனால் முந்துகிறது என்று தெரிந்துகொள்வதுதான் டிப்ளமோ படிக்கிற நமக்கு அழகு!