புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி உங்க ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்க!

போன மாசம் எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, ஒரு லட்சத்துக்கு லேப்டாப், நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 8,333 தான். எடுத்துடவா?" பகல்ல வேலை, ராத்திரி குறும்படங்களுக்கு மியூசிக் போடறவர். வயலின், செல்லோன்னு நாலஞ்சு ட்ராக் சேர்ந்தாலே சத்தம் விட்டு விட்டு வருதாம். லேப்டாப் பழசாயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டார். (நோ காஸ்ட்னு சொன்னாலும் ப்ராசஸிங் ஃபீ, ஜிஎஸ்டி வரும். அதைத் தனி வீடியோல பேசலாம்.)

நான் கேட்டது ஒண்ணுதான். சாம்பிள் எல்லாம் எங்க வச்சிருக்கீங்க? ஆஃபர்ல வாங்கின 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல.

கான்டாக்ட் மாதிரி சாம்ப்ளர் ஒவ்வொரு சாம்பிளோட ஆரம்பத்தை மட்டும் ராம்ல வச்சுக்கும். மீதியை நீங்க வாசிக்க வாசிக்க டிஸ்க்லேருந்து இழுக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோன்னா ஒரு வாய்ஸுக்கு நொடிக்கு 288 கேபி. 100 வாய்ஸ் சேர்ந்தாலும் 29 எம்பிதான். 'நொடிக்கு 100 எம்பி' ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஜுஜுபின்னு தோணும். ஆனா அது ஒரே பெரிய ஃபைலை வரிசையா படிக்கிற வேகம். இங்க நூறு இடத்துல சிதறிக் கிடக்கிற துண்டுகளைத் தேடித் தேடி எடுக்கணும். 5400 ஆர்பிஎம் டிஸ்க்ல ஒவ்வொரு தேடலுக்கும் 15 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும். நொடிக்கு அறுபது, எழுபது தேடல்லயே மூச்சு வாங்கிடும். எஸ்எஸ்டில சுத்தறதுக்கு எதுவுமே இல்ல, அதனால இந்தத் தாமதமும் இல்ல.

அதுக்காக 'நொடிக்கு 2000 எம்பி'ன்னு விக்கிற மாடலுக்கு ஓடாதீங்க. அந்த வேகத்துக்கு ஏத்த யூஎஸ்பி போர்ட் பல லேப்டாப்ல கிடையாது. மேல இருக்கிற கணக்குப்படி 500 எம்பி எஸ்எஸ்டியே தாராளம். தினமும் தொடுற லைப்ரரிக்கு 1 டிபி போதும். யூஎஸ்பி 2 போர்ட்ல மட்டும் சொருகிடாதீங்க, 40 எம்பியைத் தாண்டாது.

எஸ்எஸ்டி தேய்ஞ்சு போயிடுமேன்னு சிலர் பயப்படறாங்க. தேயறது பெரும்பாலும் எழுதும்போதுதான். சாம்பிளை ஒரு தடவை எழுதறோம், அப்புறம் படிச்சுக்கிட்டேதான் இருக்கோம். ஆனா எந்த பிராண்டும் ஒருநாள் சாகலாம். வாரன்டில புது டிரைவ் கிடைக்கும், உங்க ப்ராஜெக்ட் ஃபைல் கிடைக்காது. லைப்ரரியைத் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம். நீங்க போட்ட ட்யூனை யார்கிட்ட போய் டவுன்லோட் பண்றது? அதனால அந்தப் பழைய 4 டிபியைத் தூக்கிப் போட வேண்டாம். அதுதான் உங்க பேக்கப்.

ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு '16 டிபி எஸ்எஸ்டி'ன்னு வந்தா அது போலி. அளவை மட்டும் பெருசா காட்டும், உள்ள இருக்கிறது சின்ன மெமரி. எதை வாங்கினாலும் ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள முழுசா நிரப்பி, ஃபைல் திறக்குதான்னு பாருங்க.

செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். கான்டாக்ட்ல சிபியூ, டிஸ்க்னு ரெண்டு மீட்டர் இருக்கு. சத்தம் உடையும்போது எது எகிறுதுன்னு பாருங்க. சிபியூன்னா எஸ்எஸ்டி வாங்கியும் பிரயோஜனம் இல்ல, அப்ப லேப்டாப்பைப் பத்திப் பேசலாம். தம்பிக்கு எகிறினது டிஸ்க். என் எஸ்எஸ்டியை ஒரு ராத்திரி கடன் கொடுத்தேன், அதே ட்ராக் உடையாம ஓடுச்சு. எஸ்எஸ்டி இன்னும் திரும்பி வரல.