துளையை அடைக்கும் முன்

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி, ‘எல்லாம் ஒரிஜினல்தானா?’ என்பதுதான். 1960களின் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பிக்கப் மாறியிருந்தாலோ, உடம்பில் கூடுதலாக ஒரு துளை இருந்தாலோ, வண்ணம் மறுபடி பூசப்பட்டிருந்தாலோ விலை மளமளவென்று இறங்கிவிடும். வாங்கியவரும் சும்மா இருப்பதில்லை. துளையை அடைத்து, வண்ணத்தைச் சுரண்டி, அந்தக் காலத்துப் பாகங்களைத் தேடிப் பொருத்தி, கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் ஆக்கிவிடுகிறார். இதற்குப் ‘புதுப்பித்தல்’ என்று பெயர். ஆதாரத்தை அழித்தல் என்பது பொருத்தமாக இருக்கும். விநோதமான மாற்றம் எதுவானாலும், எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது என்று விளங்கும் வரை அதில் கை வைக்கக் கூடாது.

பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பேஸையே எடுத்துக்கொள்வோம். 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கியது. 1964இல் அதற்கு வேறு வண்ணம் பூசி, இரண்டு பிக்கப்புகளையும் ஒரே கறுப்புச் சட்டத்துக்குள் பொருத்தினார்கள். 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 2024இல் உரியவரிடம் திரும்பியது உலகுக்குத் தெரிந்தது. அதே மாடலில் எத்தனையோ கிட்டார்கள் இருக்க, இது அதுதான் என்று காட்ட அந்த 1964 கைவேலையைவிட நல்ல அடையாளம் ஏது? யாராவது நல்லெண்ணத்தோடு அதை 1961 தோற்றத்துக்கு மாற்றியிருந்தால் கதையே வேறு. பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் இன்னொரு சாட்சி. ஃப்ரெட்டுகள் பிடுங்கப்பட்டு, அந்தப் பள்ளங்கள் அடைக்கப்பட்டு, விரல்பலகை மீது படகுக்குப் பூசும் எபாக்ஸி ஏறியது. ஃப்ரெட்டைப் பிடுங்கியது யார் என்பதில் அவரே ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார். வாய் மாறிப் பேசலாம். அடைத்த பள்ளம் அங்கேயே இருக்கிறது.

படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கழுத்துத் தகட்டில் இருக்கும் வரிசை எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். நான்கு திருகைக் கழற்றினால் அந்தத் தகடு இன்னொரு கிட்டாருக்குப் போய்விடும். குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகு அதைவிட உருப்படியான சாட்சி: 1376609 என்றிருந்தால், 137 என்பது செய்த நிறுவனமான சி.டி.எஸ்., மீதி எண்கள் 1966ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். ஆனால் பாகம் பழையதாக இருந்து, பற்றவைத்த ஈயம் மட்டும் பளபளவென்றிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிற்பாடு தொட்டுப் பூசிய இடம் தனித்துத் தெரியும். விநோதமாகத் தெரிவதெல்லாம் பிற்காலக் கைவேலையும் அல்ல. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தபோது ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குமிழ்களோடுதான் வந்தது. மூன்று தனிக் குமிழ்கள் பிறகுதான். தொடக்ககால ஜாஸ் பேஸ்களில் பிரிட்ஜுக்கு முன்னால் தெரியும் சிறு துளைகள், கம்பியின் அதிர்வை அடக்கும் மியூட்டுகளுக்காக ஆலையே போட்டவை. அவற்றை ‘எவனோ போட்ட ஓட்டை’ என்று அடைத்துவிட்டால், ஒரிஜினலைத் தேடிப்போய் ஒரிஜினலையே அழித்ததாகும்.

‘இது அருங்காட்சியகப் பொருளல்ல, வாசிக்கிற கருவி’ என்று ஒரு மறுப்பு வரும். நியாயம்தான். 1970களில் உளியால் கண்டபடி குடைந்து பெரிய பிக்கப்பைத் திணித்த வேலைகளை நானும் போற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடைச்சலும் வாசித்தவரின் தேவையிலிருந்து பிறந்ததே. பேஸ் கலைஞர்களான ஜேக் கசாடியும் ஃபில் லெஷும் தங்கள் கில்ட் ஸ்டார்ஃபயர் பேஸ்களின் மின்னமைப்பை மாற்றக் கொடுத்த வேலையில்தான் அலெம்பிக் என்ற நிறுவனமே வளர்ந்தது. இன்னொரு மறுப்பு கனமானது: மாற்றத்துக்கு மதிப்புக் கொடுத்தால், பிரபலத்தின் கிட்டார் என்று சொல்லி விற்கப் போலித் தழும்பும் முளைக்குமே? முளைக்கும். பாகம் எல்லாம் ஒரிஜினல் என்று சொல்லி நடக்கிற மோசடி மட்டும் குறைவா என்ன? இரண்டையும் பிடிக்க வேண்டியது அதே விளக்கும் அதே பூதக்கண்ணாடியும்தான். மாற்றியே தீர வேண்டுமென்றால், திறந்த குழியைப் படமெடுத்துவிட்டு, கழற்றிய பிக்கப்பையும் திருகுகளையும் தேதி எழுதிய ஒரு கவரில் போட்டு கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.