பசியாறப் போனதும் பழியா?



கடந்த ஞாயிறு முற்பகலில் பங்சாரில் உள்ள ஒரு காப்பிக் கடையில் நானும் என் தோழியும் பசியாறிக்கொண்டிருந்தோம். அதை எவரோ தொலைவிலிருந்து படம் எடுத்துப் புலனக் குழு ஒன்றில் ஏற்றிவிட்டார். "தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளின் பண்பாடு பாரீர்! வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்க, இங்கே பிரஞ்ச் கொண்டாட்டம்!" என்று கீழே ஒரு குறிப்பு வேறு. மாலைக்குள் படம் என் பள்ளிப் பெற்றோர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், நீங்க கடையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, சாப்பிட்டேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

எழுதியவர் யாரென்று அறிவேன். பெயர் சொல்லப் போவதில்லை. தமிழுக்காக மேடையில் முழங்குபவர் அவர். அவர் பேச்சுக்குப் பலமுறை கைதட்டியவள் நான். அதனால்தான் விடை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிரஞ்ச். காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் ஒட்டி உண்டாக்கிய சொல் அது. 1895ஆம் ஆண்டில் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் இந்த உணவுக்காகப் பரிந்து ஓர் இதழில் கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவில் குடித்துக் களித்தவர்கள் ஞாயிறு காலையில் வெகுநேரம் உறங்கி எழ வசதி வேண்டும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. ஆக, அந்தச் சொல் நமதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்த நேரத்து உணவு நமக்குப் புதிதா?

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நான்கு மணிக்கே எழுந்து சமைத்து, தூக்குச் சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்திற்கு ஓடுவார். மரங்களை வெட்டி முடித்து, மங்கில் பால் வடியும் வரை காத்திருக்கும் அந்த இடைவேளையில்தான் மரத்தடியில் உட்கார்ந்து உண்பார். பக்கத்து நிரையில் வெட்டும் பெண்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு மற்றவள் சட்டிக்குப் போகும். மாமியார், கணவன், கங்காணி எனப் பேசாத கதை இருக்காது. அந்த அரைமணி நேரமே அன்றைய நாளில் தமக்கென்று இருந்தது என்று அம்மா சொல்வார். வெயில் ஏறியபின் தோழியரோடு உண்ட அந்த உணவுக்கு நம் மலேசியத் தமிழர் வைத்த பெயர் பசியாறல். எவ்வளவு அழகான சொல்! 'காலை உணவு' என்று பாடநூலில் எழுதி அதை ஓரங்கட்டியதற்கு வேண்டுமானால் நம் முழக்கர் சினம் கொள்ளட்டும்.

இன்னொன்று. பங்சார் என்ற பெயரே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். பங், கிரிசார் என்னும் இரு ஐரோப்பியர் பெயரைச் சேர்த்து அழைக்கப்பட்ட தோட்டம் அது. நம் பாட்டிகள் பால் வாளி சுமந்த மண்ணில் பேத்திகள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பண்பாடு எப்படிக் கெடும்?

அடுப்பு அணைந்து கிடக்கிறதாம்! அணைந்தால் என்ன? வாரத்தில் ஆறு நாள் அதை மூட்டுபவள் நான்தானே. காலை ஏழரைக்குப் பள்ளி மணி அடிக்குமுன் மூன்று பேருக்கு உணவு கட்டி வைக்கிறேன். சனிக்கிழமையைப் புறப்பாட நடவடிக்கையும் கூடுதல் வகுப்பும் தின்றுவிடுகின்றன. நள்ளிரவு தாண்டியும் மாமாக் கடையில் தே தாரிக்கும் ரொட்டி சானாயுமாகப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஆடவர்களை எவராவது படம் எடுத்து 'பண்பாடு பாரீர்' என்று எழுதியதுண்டா? முழக்கரே அங்கு அமர்ந்திருக்க என் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் படம் எடுக்கவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். ஒரு தட்டு 38 வெள்ளி. புளித்த மாவில் சுட்ட ரொட்டி, அதன்மேல் அவகாடோ, அதன்மேல் ஒரு முட்டை. (மாவைப் புளிக்கவைக்க இட்லி தோசைக்காரர்களுக்கு எவர் கற்றுத்தர வேண்டும்?) இந்நாட்டில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்த பையன் அச்சம்பளத்தில் இருந்தால், அதை உண்ண நான்கு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். இது நெஞ்சை உறுத்தத்தான் செய்தது. இந்த அறத்தைப் பற்றி முழக்கர் ஒரு வரி எழுதவில்லை. அவருக்கு உறுத்தியது இரண்டு பெண்கள் சிரித்தது மட்டுமே.

சிரித்தோம், உண்மை. படத்திற்கு ஒலி இல்லை அல்லவா? ஒலி இருந்திருந்தால் இரண்டு மணி நேரமும் நாங்கள் பேசியது தமிழ் என்பது தெரிந்திருக்கும். பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். தோழி அன்று தன் கைப்பையில் விருப்ப ஓய்வுப் பாரத்தை மடித்து வைத்திருந்தாள். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கையொப்பம் மட்டும் பாக்கி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள். "முடியல... கோப்பு எழுதியே ஓய்ஞ்சிட்டேன். வீட்ல சொன்னா யாருக்கும் புரியல. உன்கிட்ட சொல்லணும்னுதான் வரச் சொன்னேன்" என்று அழுதாள். பிறகு, எழுத்துக்கூட்ட முடியாமல் இருந்த ஒரு பையன் போன வாரம் 'அப்பளம்' என்று தானே படித்துவிட்டுத் துள்ளிக் குதித்ததைச் சொன்னாள். அப்போதுதான் இருவரும் சிரித்தோம். அந்த நொடியில்தான் படம் எடுக்கப்பட்டிருக்கிறது.

பாரத்தை மீண்டும் மடித்துப் பைக்குள் வைத்தாள். இந்த ஆண்டு முடியட்டும், பார்க்கலாம் என்றாள். மறுநாள் படம் அவளுக்கும் வந்தது. இரவு அழைத்து, "இனிமே வெளியில பார்க்க வேண்டாம், பேரு கெட்டுப் போகுது" என்றாள். தமிழ்ப்பள்ளி ஓர் ஆசிரியையை இழக்க இது போதும், முழக்கரே. நீங்கள் செய்திருக்கும் தமிழ்த்தொண்டு இதுதான்.

அவளை விடாமல் அழைத்து இணங்க வைத்துவிட்டேன். வரும் ஞாயிறு பத்தரை மணிக்கு அதே கடை, அதே மேசை. இம்முறை நான் 12 வெள்ளிக் காப்பியோடு நிறுத்திக்கொள்வேன். படம் எடுக்க விரும்புவோர் வரலாம். அருகில் வந்தே எடுக்கலாம்.