ஜெர்மானியர் வீட்டுத் திருநாள்

ஐரோப்பிய தேசங்கள் பலவற்றிலும் கிறிஸ்துமஸ் பண்டிகை விமரிசையாகவே நடைபெறுகிறது. ஆயினும் அப்பண்டிகையை மாதாகோயிலிலிருந்து அழைத்து வந்து, வீட்டுக் கூடத்திலே அமர்த்தி, குழந்தைகளின் சொத்தாக்கியவர்களில் ஜெர்மானியரே முதன்மையானவர் என்று சொன்னால் மிகையாகாது. ஊசியிலை மரத்தை வீட்டினுள் நட்டு, காகித ரோஜாக்களும் ஆப்பிள் பழங்களும் கட்டி அலங்கரிக்கும் வழக்கம் 1605-ம் வருஷத்திலேயே ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் இருந்ததற்குக் குறிப்பு உண்டு. இன்று பிரான்ஸ் தேசத்தில் உள்ள அந்நகரம் அக்காலத்தில் ஜெர்மன் பேசும் நகரமாய் விளங்கியது.

டிசம்பர் மாதத்தில் பெர்லினில் மாலை 4 மணி அடிக்கு முன்பே சூரியன் மறைந்து விடுகிறான். இருள் நீண்ட அந்நாட்களை ஜெர்மானியர் விளக்கைக் கொண்டு எண்ணுகின்றனர். பண்டிகைக்கு முந்திய 4 ஞாயிற்றுக்கிழமைகளும் 'அட்வென்ட்' எனப்படும் காத்திருப்புக் காலத்தைச் சேர்ந்தவை. பசுந்தழை வளையம் ஒன்றில் 4 மெழுகுவர்த்திகளை நிறுத்தி, முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றுவார்கள். இவ்வழக்கத்தின் பிறப்பிடம் செல்வர் மாளிகையன்று. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திய விஹெர்ன் என்னும் பாதிரியார், "பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று ஓயாது கேட்ட குழந்தைகளுக்காக 1839-ல் ஒரு மரச் சக்கரத்தின் மீது மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது, மற்ற நாளுக்குச் சிறியது. நாளுக்கொன்றாக ஏற்றி வந்தால் கணக்குத் தானே விளங்கிவிடும் அல்லவா? ஏழைக் குழந்தைகளின் ஆவலுக்கு ஏற்பட்ட அந்த விளக்கே பிற்பாடு தேசம் முழுவதற்கும் சொந்தமாயிற்று.

டிசம்பர் 5-ந் தேதி இரவு பிள்ளைகள் தங்கள் பாதரட்சைகளைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு உறங்கச் செல்வார்கள். மறுநாள் நிக்கோலஸ் முனிவரின் திருநாள். விடிந்ததும் பாதரட்சைகளில் தின்பண்டம் நிறைந்திருக்கும். பிரதானக் கொண்டாட்டம் 24-ந் தேதி மாலையில்தான். மரம் வைத்த அறையைச் சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளேயிருந்து சிறு மணி ஒலித்ததும் கதவு திறக்கும். விளக்கொளியில் மரமும் பரிசுகளும் தோன்றும். அன்றைய உணவு ஆடம்பரமற்றது. பல வீடுகளில் உருளைக்கிழங்கு ஸாலடும் ஸாஸேஜும் போதும் என்று இருந்துவிடுவார்கள். விருந்து மறுநாளைக்கு.

ஸாக்ஸனி மாகாணத்து மலைப் பிரதேசத்தில் வேறொரு வழக்கத்தைக் காணலாம். வெள்ளியும் தகரமும் தோண்டி வாழ்ந்த அம்மக்கள், சுரங்கங்கள் வற்றத் தொடங்கியதும் மரச் செதுக்கு வேலையைக் கைக்கொண்டனர். அவர்கள் செய்யும் சுரங்கத் தொழிலாளி பொம்மையும் தேவதை பொம்மையும் கையில் விளக்கேந்தி ஜன்னலில் நிற்கும். வீட்டில் ஆண் குழந்தை ஒன்றுக்கு ஒரு தொழிலாளியும், பெண் குழந்தை ஒன்றுக்கு ஒரு தேவதையும் வைப்பது சம்பிரதாயம். விடியுமுன் பூமிக்குள் இறங்கி, பொழுது சாய்ந்த பின் வெளிவந்தவர்களுக்கு ஜன்னல் விளக்கின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய வீட்டுப் பண்டிகையின் மீது சர்க்கார் கை வைத்த காலமும் உண்டு. 1933-ல் ஆட்சிக்கு வந்த ஹிட்லர் கட்சியினர், கிறிஸ்து பிறந்த நாளைப் பழைய ஜெர்மானியரின் சூரியத் திருநாளாக மாற்றிவிட முயன்றனர். மரத்தின் உச்சியில் நட்சத்திரத்துக்குப் பதிலாகத் தங்கள் சின்னத்தை ஏற்றச் சொன்னார்கள். குழந்தை ஏசுவைப் பற்றிப் பேசாத புதுப் பாட்டுக்களைப் பரப்பினார்கள். சில வீடுகள் இணங்கின. ஆயினும் பழைய பாட்டுக்கள் மறையவில்லை. இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஜெர்மனியில் யூதக் குடும்பங்கள் பலவும் அண்டை வீட்டாரைப் போலவே மரம் வைத்துக் குழந்தைகளுக்குப் பரிசளித்து வந்தன. அக்குடும்பங்களை அந்த ஆட்சி வீட்டை விட்டும் நாட்டை விட்டும் துரத்தியது. அகப்பட்டவர்களைக் கொன்று குவித்தது. தேசாபிமானத்தை நாமும் போற்றுகிறோம். ஆனால் தாயார் பாடும் பாட்டைத் திருத்தவும், அண்டை வீட்டு விளக்கை அணைக்கவும் புறப்படுகிற ஒன்றை அப்பெயரால் அழைக்க நாம் சம்மதியோம்.

யுத்தம் முடிந்த பின் தேசம் இரண்டாயிற்று. 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி பெர்லின் நகரின் குறுக்கே தடுப்பு எழுந்தது. பிற்பாடு அதுவே மதிலாயிற்று. ஒரே நகரத்தில், சில தெருக்கள் தள்ளி வசித்த தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாது போயிற்று. பண்டிகை நாட்களில் மேற்கு ஜெர்மானியர், கிழக்கே உள்ள சகோதரர்களை எண்ணி ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தனர். திராட்சை, பாதாம், காப்பிக்கொட்டை முதலியவற்றை மூட்டை கட்டி அனுப்பினர். பண்டிகை ரொட்டிக்கு வேண்டிய அச்சாமான்கள் கிழக்கே அருமையாயிருந்தன.

இந்த நிலையில் 1963-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கிழக்குப் பெர்லினில் உறவினர் உள்ள மேற்குப் பெர்லின் வாசிகள், பண்டிகைக் காலத்தில் மட்டும் அவர்களைப் பார்த்து வரலாம். அன்றிரவே திரும்பிவிட வேண்டும். அனுமதிச் சீட்டுக்காக ஜனங்கள் கடுங்குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றனர். ஜனவரி 5-ந் தேதிக்குள் சுமார் 12 லட்சம் முறை ஜனங்கள் எல்லையைக் கடந்து சென்றனர் என்பது கணக்கு. வழக்குகள் எத்தனையோ தீராதிருக்க, இரு சர்க்கார்களும் வழிவிட்டது, பாட்டி வீட்டில் பேரன் விளக்கேற்றுவதற்காக என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மதில் 1989 நவம்பர் 9-ந் தேதி திறந்தது. மேற்கிலிருந்து கிழக்கே செல்வோர்க்கு அனுமதிச் சீட்டே வேண்டாம் என்ற விதி அமுலுக்கு வந்த நாள், அவ்வருஷம் டிசம்பர் 24. பரிசு மூட்டைகளை அஞ்சலில் அனுப்பி வந்தவர்கள், அந்த மாலை தாங்களே கையில் ஏந்திக்கொண்டு உறவினர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றாயிற்று.