வாய்தாக்களுக்கு நடுவே ஒரு தீர்ப்பு

ஒரு பெரிய அரசியல்வாதி கைதானால் ஊர் இரண்டு படுகிறது. ஒரு கட்சி அலுவலகத்தில் இனிப்பு கொடுக்கிறார்கள், இன்னொன்றில் பழிவாங்கல் என்று முழங்குகிறார்கள். பத்து நாளில் இரண்டு சத்தமும் அடங்கிவிடும். சட்டத்தின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அப்போது பார்க்க ஆளில்லை. நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் வழக்கொன்றை வைத்து அந்த வேலையைப் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

கரூர் வி. செந்தில் பாலாஜி 2011 முதல் 2015 வரை அதிமுக ஆட்சியில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தார். ஓட்டுநர், நடத்துநர், இளநிலை உதவியாளர் போன்ற பணியிடங்களுக்கு அந்தக் காலத்தில் பணம் வாங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்துவருகிறார். 2018 டிசம்பரில் திமுகவுக்கு வந்தார். 2021இல் அமைச்சரானார். கோவை மாவட்டத்தின் பொறுப்பு அமைச்சராகவும் இருந்தார்.

2021 ஜூலையில், பணம் கொடுத்தவர்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் சமரசம் ஏற்பட்டுவிட்டது என்பதை ஏற்று, சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. 2022 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து வழக்குக்கு உயிர் கொடுத்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் கைகுலுக்கிக்கொண்டால் ஊழல் வழக்கு முடிந்துவிடாது; தகுதி இருந்தும் பணம் இல்லாததால் வேலை கிடைக்காதவரும் பொதுமக்களும் இதில் பாதிக்கப்பட்டவர்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கொங்கு நாட்டில் பையனின் அரசு வேலைக்காகக் காட்டை அடமானம் வைத்த குடும்பங்களை நமக்குத் தெரியும். அடமானம் வைக்கக் காடு இல்லாததால் விண்ணப்பத்தோடு நின்றுபோன பையன்களையும் தெரியும். இரண்டாவது வகைப் பையனை ஒரு நீதிமன்றம் நினைத்துப் பார்த்தது அந்தத் தீர்ப்பில்தான்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஜூன் 14 அதிகாலை, இதே பண விவகாரம் தொடர்பான தன் வழக்கில் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. ஜூன் 29 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அன்றிரவே அந்த உத்தரவை நிறுத்திவைத்தார். சிறையில் இருந்தபடியே அவர் இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்ந்தார். 2024 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். செப்டம்பர் 26 அன்று, 471 நாள் காவலுக்குப் பின், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மூன்றாம் நாள் மறுபடி அமைச்சர். பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றமே கேட்ட பிறகு 2025 ஏப்ரல் 27 அன்று மறுபடி ராஜினாமா.

இத்தனை நடந்தும், பணம் வாங்கப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்கு 2015இல் முதல் புகார் பதிவான நாள் தொட்டுப் பத்து ஆண்டுகளில் எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை. நம் கவலை அதுதான்.

சட்டப்படி, குற்ற வழக்கால் ஒருவர் எம்எல்ஏ பதவியை இழப்பது தண்டனை விதிக்கப்பட்டால் மட்டுமே. முதல் தகவல் அறிக்கையோ, கைதோ, குற்றப்பத்திரிகையோ, குற்றச்சாட்டுப் பதிவோ அவரைத் தொடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை என்றால் தகுதி போகும். விடுதலையான பின் மேலும் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் ஒட்டிக்கொள்ளும் வழியை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்தது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டித்ததும் ஜெயலலிதா முதல்வர் பதவியை இழந்தது அதனால்தான். 2023 டிசம்பரில் அமைச்சர் பொன்முடி தகுதி இழந்ததும், 2024 மார்ச்சில் தண்டனைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் அமைச்சராகத் திரும்பியதும் அந்த விதியின் இரு பக்கங்கள்.

ஆக எல்லாம் தீர்ப்பில் வந்து நிற்கிறது. தீர்ப்பைத் தள்ளிப்போடத் தெரிந்தவருக்குச் சட்டத்தால் ஒரு குறையும் வராது. தள்ளிப்போடுவது எப்படி என்று அறிய, கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும். டவாலி பெயரைக் கூப்பிடுவார். கட்சிக்காரர் வந்திருக்க மாட்டார். வக்கீல் எழுந்து, நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு மனுவை நீட்டுவார். புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டாலும் "முன்னூத்திப் பதினேழு போட்டாச்சு" என்பதுதான் இன்னமும் பேச்சு. ஆள் வராமலே அன்றைய தினம் கழிந்து அடுத்த வாய்தா விழும். சாதாரண அடிதடி வழக்கே இப்படி நகரும்போது, விடுவிப்பு மனு, அதன்மேல் சீராய்வு, அதன்மேல் உச்ச நீதிமன்றம் என்று படியேற வசதி உள்ளவரின் வழக்கு எவ்வளவு காலம் நகரும்!

இந்த வழக்கில் இன்னொன்றும் நடந்தது. பணம் கொடுத்தவர்களையும் சேர்த்து 2000க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆனார்கள்; சாட்சிகள் சுமார் 500 பேர். இதை விசாரிக்கக் கிரிக்கெட் மைதானம்தான் வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அமைச்சரின் ஆயுளுக்குள் வழக்கு முடியக்கூடாது என்பதே முயற்சி என்று மாநில அரசையும் கண்டித்தது. வழக்கை நடத்த வேண்டியது அரசு. அந்த அரசில்தான் அவர் அமைச்சராக இருந்தார். இதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள்; திமுகவின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போய், 2003 நவம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்ற வைத்தார். அன்று திமுக சொன்ன நியாயம் இன்றும் நியாயம்தான்.

மத்திய அரசின் மருந்து வேறு. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவைக்கு வந்த 130ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா, ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் முப்பது நாள் தொடர்ந்து காவலில் இருக்கும் அமைச்சரின் பதவியைப் பறிக்கச் சொல்கிறது. இதை நாம் ஏற்கவில்லை. கைது என்பது விசாரணை அமைப்பின் கையில் இருப்பது. அந்த அமைப்பு யார் கையில் என்பது எல்லோருக்கும் தெரியும். நீதிபதி ஒருவர் ஆவணங்களைப் படித்து, முகாந்திரம் உண்டு என்று குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் கட்டம் வேறு வகை. கடுமையான குற்றங்களில் அந்தக் கட்டத்தில் தகுதிநீக்கம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 244ஆவது அறிக்கையில், 2014இலேயே, சொல்லிவிட்டது. தேர்தல் நேரத்துப் பொய் வழக்குகளுக்கு எதிரான காப்பையும் சேர்த்தே சொன்னது. இதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எந்தக் கட்சியும் அசையவில்லை.

பதவியில் உள்ள எம்பி, எம்எல்ஏக்கள் மீதான வழக்குகளைக் குற்றச்சாட்டு பதிவான ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. அமலாக்கத் துறை வழக்கில் செந்தில் பாலாஜி மீது குற்றச்சாட்டு பதிவானது 2024 ஆகஸ்ட் 8இல்.

அவர் குற்றவாளி என்று நாம் எழுதவில்லை. எழுதும் உரிமை நமக்கில்லை. அவர் குற்றமற்றவர் என்றால் அதைச் சொல்லும் தீர்ப்பு அவருக்கும் சேரவேண்டிய கடன். எனவே கேட்கிறோம்: மாநில அரசுக்குக் கட்டுப்படாத சிறப்பு அரசு வழக்கறிஞர் வேண்டும். ஏமாந்து பணம் கொடுத்த ஏழைகளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். முக்கியமான குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கைத் தனியே பிரித்து, வாய்தா இல்லாமல் அன்றாடம் நடத்த வேண்டும். கோவையில் ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும் இந்த மூன்றுக்கும் பதில் கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரர் மீதான வழக்குக்கு மட்டும் ஆமாம் சொல்பவரை நம்பாதீர்கள்.