அரைப் பேரும் முழுப் பேரும்

தோட்டப்புறத்துத் தமிழில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒரு மனிதரை அழைக்கும் பெயர் ஒன்று. ஒரு நாள் உழைப்புக்காகச் செக்ரோலில் விழும் பதிவு மற்றொன்று. கணக்கப்பிள்ளை குறித்த அளவுக்குக் கொழுந்து நிறைந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். இந்த இரண்டாவது பேருக்காக முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மலையேறிய தொழிலாளி, முதுமையில் முதலாவது பேர் சரியில்லை என்று சொல்லப்பட்டுத் தன் சேமலாப நிதிக்காகப் படியேறி இறங்குகிறாள். நாள்தோறும் பேர் போட்டு வேலை வாங்கியவர்களுக்கு, பணம் கொடுக்கும் வேளையில் மட்டும் அவள் பேர் தெரியாமற் போவது எவ்வாறு? நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்.

“படிப்பறிவில்லாத சனங்கள், பத்திரங்களைப் பேணத் தெரியாதவர்கள், அதனால்தான் தாமதம்” என்று விடை கூறுவோர் உளர். இவ்விடை காரியாலய மேசைகளுக்கு அப்பாலிருந்து மட்டும் வருவதில்லை. நம்முடைய ஆசிரியர் ஓய்வறைகளிலும் கேட்கிறது. மொனராகலையின் இறப்பர் மலைகளிலும் பதுளையின் தேயிலை மலைகளிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நாம் இந்த விடையை முற்றாக மறுக்கிறோம். மறுப்பதற்குரிய நியாயங்களை வரிசையாகச் சொல்வோம்.

முதலில், கேட்கப்படுவது தருமம் அன்று என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். தோட்டத் தொழிலாளிக்கு அரசாங்க ஊழியருக்குள்ள மாத ஓய்வூதியம் இல்லை. அதற்குப் பதிலாக அவருக்கு உள்ளவை மூன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான ஊழியர் சேமலாப நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தரும் பணிக்கொடை. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் கூலியிலிருந்து 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது. தொழில் வழங்குநர் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் விதிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் இருபத்தைந்து நாட்கள் பேர் விழுந்தால், அவள் கூலியிலிருந்து 2,700 ரூபா கழிகிறது. நிர்வாகம் 4,050 ரூபா போடவேண்டும். பணிக்கொடையோ நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் கூலி. அதே கூலி விகிதத்தில் முப்பது ஆண்டுகளுக்கு 5,67,000 ரூபா. வேலையை விட்ட முப்பது நாட்களுக்குள் அது கொடுபட வேண்டும் என்பது சட்டம். பிந்திச் செலுத்தப்படும் சேமலாபப் பணத்துக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் சட்டத்தில் உண்டு. ஆகவே இது அவள் தேயிலைச் செடியின் அடியில் தன் வியர்வையாற் புதைத்து வைத்த சொந்தப் பணம். பிறருடைய பணத்தை வைத்திருப்பவன், உடையவள் கேட்கும்போது காரணம் சொல்லலாகாது; கொடுக்க வேண்டும்.

இங்கே வரலாறு நமக்கு ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. சேமலாப நிதிச் சட்டத்தை 1958இல் கொண்டுவந்தவர் அன்றைய தொழில் அமைச்சரும் சிங்கள எழுத்தாளருமான டி. பி. இலங்கரத்ன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1961இல், வர்த்தக அமைச்சராக இருந்து மக்கள் வங்கியைத் தோற்றுவித்தவரும் அவரே. ஒரு கையால் உழைப்பாளிக்கு நிதியை அமைத்தவர், மறு கையால் அவன் நுழையத் தக்க வங்கியையும் அமைத்தார். நிதி கொழும்பில் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. வங்கிக் கிளை நகரத்துத் தெருவில் இருக்கிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கிழவியின் பணம் பயணஞ் செய்ய மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் ஆகின்றன. பாலத்தின் இரு கரையையும் கட்டி நடுவை மறந்த கதை இது.

நடுவில் நிற்கும் தடை எது? பெயர். லெட்சுமி என்று ஒரு தாயை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவள் தாய் அழைத்தது லெச்சுமி. தோட்டத்துப் பிறப்புப் பதிவில் லெட்சிமி. செக்ரோலில் எழுத்தர் தம் காதிற் கேட்டவாறு ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதினார். அடையாள அட்டையில் அந்த ஒலி சிங்கள எழுத்துக்குப் போய்த் திரும்பி வேறொரு விதமாயிற்று. வங்கிப் புத்தகத்தில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதினார்கள்; தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் கணவன் பெயரின் முதலெழுத்தாக மாறிவிட்டது. தமிழ் படித்த நமக்கு இவை ஒரே பெயரின் திரிபுகள் என்பது ஒரு கணத்தில் விளங்கும். கோப்புக்கோ இவர்கள் நான்கு பெண்கள். இந்த நான்கு பெயர்களில் ஒன்றையாவது லெட்சுமி தன் கையால் எழுதினாளா? எழுதியவர்கள் அனைவரும் எழுத்தறிந்தவர்கள். சம்பளம் வாங்கி எழுதியவர்கள். எழுதியவரின் பிழைக்கு எழுதப்பட்டவள் தண்டம் கட்டுவது எந்த நாட்டு நீதி?

அடையாளம் இல்லாமற் போனதும் அவள் செயல் அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர், 3,00,000 பேர், 1,50,000 பேர் என்று பங்கு பிரித்தது. எஞ்சியோருக்கு முடிவு கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரசாவுரிமை இல்லாதவரிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவரின் கணக்கில் அட்டை இலக்கம் இல்லை. அன்று கழிபட்ட பணம் இன்று உரியவரைத் தேடுகிறது என்றால், அதற்கான முழுப் பொறுப்பும் அச்சட்டங்களை இயற்றியவர்களையே சாரும். கப்பலேற்றி அனுப்புவதற்கு ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைத் தலை எண்ணத் தெரிந்த அரசுக்கு, பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தியை அடையாளங் காண முடியவில்லையாம்! இதை நம்பச் சொல்கிறார்கள்.

அடுத்து, கணக்கு. ‘சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு’ என்று விண்ணப்பத்தில் எழுதுவது எளிது. அந்தச் ‘சொந்த’ என்னும் சொல்லின் பாரத்தைத் தோட்டத்துப் பெண் அறிவாள். தலைமுறை தலைமுறையாக அவள் கொழுந்தெடுத்த கூலியைப் பல தோட்டங்களில் கணவனோ தகப்பனோதான் போய் வாங்கினார்கள். தன் பெயருக்கு வரும் பணத்தைத் தானே எண்ணிப் பார்க்கும் முதல் வாய்ப்பு, அநேகருக்கு, வேலையை விட்ட பிறகு வரும் இந்தச் சேமலாபப் பணந்தான். அப்போதும் மகனுடைய கணக்குக்குப் போடச் சொல்லும் வீடு ஒருபுறம். கடனுக்குச் சாமான் கொடுத்த கடை ஒருபுறம். படிவம் நிரப்பிக் கொடுத்துப் பங்கு கேட்கும் தரகர் இன்னொருபுறம். பழைய நலத்திட்டம் ஒன்றுக்காக எப்போதோ திறந்த கணக்கு செயலிழந்து கிடக்கிறது. போட்ட பணம் திரும்பிப் போகிறது. திரும்பிப் போன செய்தி அவளுக்கு வருவதில்லை. ஏனெனில் லயத்துக்கு முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வருகிறது. காரியாலயத்திலிருந்து லயத்துக்கு வருவது ஊழியரின் மனநிலையைப் பொறுத்தது. எந்தக் கிளைக்குத் தனியே பேருந்தேறிப் போய்வர முடியும், எந்தப் புத்தகத்தைத் தானே பெட்டியில் வைத்துப் பூட்ட முடியும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அவளே. கணக்கைத் தெரிவு செய்யும் உரிமையும் அவளுக்கு உழைப்பின் பயனே.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. வர்த்தமானி தமிழில் பேசும்; யன்னலுக்கு அப்பால் இருப்பவர் பேசமாட்டார். தனக்குரிய பணத்தைக் கேட்பதற்கு ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பேரனைத் துணைக்கு அழைத்துப் போகிறாள். அன்று அந்தப் பிள்ளைக்கு நம் வகுப்பில் வரவு இல்லை. பாட்டியின் அரைப் பேர் பேரனின் இடாப்பு வரை நீள்கிறது.

“எல்லாம் கணினிக்கு மாறிவிட்டால் தீர்ந்துவிடும்” என்று நல்லெண்ணத்தோடு கூறும் நண்பர்களும் உண்டு. கணினியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தவறான பெயரைக் கணினிக்குள் ஏற்றினால் அது தவறான பெயரை முன்னிலும் விரைவாக நிராகரிக்கும்; அவ்வளவே. குறை இயந்திரத்தில் இல்லை. நிரூபிக்கும் சுமையை யார் தலையில் வைப்பது என்னும் நியாயத்தில் இருக்கிறது.

அந்த நியாயம் ஆளுக்கு ஆள் மாறுவதையும் கவனியுங்கள். 1947 நவம்பரில், சுதந்திரத்தின் வாசலில், பிரித்தானியாவோடு செய்யப்பட்ட உடன்படிக்கைகளுள் ஒன்று அரசாங்க அலுவலர்களைப் பற்றியது. இந்நாட்டை ஆண்டு திரும்பிய வெள்ளை அலுவலரின் ஓய்வூதியம் ஒரு நாளும் அந்தரத்தில் தொங்கிவிடக் கூடாது என்று அது உறுதி செய்தது. அவர்களுக்கு ஓய்வூதியம் கடல் கடந்து போயிற்று. மலையைத் திருத்தித் தேயிலை நட்டவளுக்கோ கொழும்பிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் வர வழி தெரியவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. சேமலாப நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகள் நீண்டகாலப் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்றாவிட்டால் நிதியின் வருமானத்தின் மீது 30 சதவீத வரி என்று கத்தி காட்டப்பட்டது. நாட்டின் கடனுக்குத் தோள் கொடுக்க லெட்சுமியின் எட்டுச் சதவீதத்தை அழைத்தபோது, எவரும் அவளிடம் பெயர்த் திருத்தச் சான்றிதழ் கேட்கவில்லை! எடுக்கும்போது அவள் ஒருத்தி. கொடுக்கும்போது நான்கு பேர்.

ஆதலால் நாம் கேட்பவை சில. செக்ரோலும் தொழிலாளியும் ஒருவரே என்பதை நிரூபிக்கும் கடமை தொழில் வழங்குநருடையதாக வேண்டும். சேமலாப நிதியைப் பெறத் தகுதி வரும் வயதுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, பெண்ணுக்கு 45இலும் ஆணுக்கு 50இலும், பெயரும் இலக்கமும் சரிபார்க்கப்பட வேண்டும். நிராகரிக்கும் ஒவ்வொரு காரணமும் தமிழில், எழுத்தில், ஒரு குறித்த காலத்துக்குள், அவள் கையிலேயே சேர வேண்டும். அதிகாரிகள் மாதம் ஒரு நாளாவது மொனராகலைக்கும் மடுல்சீமைக்கும் ஹப்புத்தளைக்கும் மலையேறி வர வேண்டும். அவள் முப்பது ஆண்டு ஏறினாள், அவர்கள் ஒரு நாள் ஏறட்டும். அவள் தெரிந்தெடுத்த வங்கியின் அவள் பெயருக்குரிய கணக்கைத் தவிர வேறெந்தக் கையிலும் அந்தப் பணம் தங்கலாகாது. நிதியைச் செலுத்தாத நிர்வாகத்திடமிருந்து, அது தனியார் கம்பனியானாலும் அரச கூட்டுத்தாபனமானாலும், மேலதிகக் கட்டணம் தவறாமல் அறவிடப்பட வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்கு மேடை போடுகிறீர்கள், வரவேற்கிறோம். உயர்ந்த கூலியின் ஐந்திலொரு பங்கு ஏட்டில் உறைந்து கிடப்பதற்கு எந்த மேடை? இக்காரியத்தைத் தரகருக்கு விட்டுவிட்டுச் சந்தா மட்டும் வாங்கும் சங்கம், தொழிலாளிக்கு இன்னொரு கழிவு என்றே கணக்கிடப்படும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! ஒவ்வொரு பாடசாலையும் தன்னைச் சூழ்ந்த லயங்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கலாம். எந்தப் பத்திரத்தில் எந்தப் பெயர் என்று நான்கு நிரல்களில் எழுதலாம். அந்தப் பட்டியல் ஒரு மகஜராகட்டும். தனி ஒருத்தியின் கெஞ்சல் ஒரு தோட்டத்தின் கோரிக்கையாகட்டும். 1940இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்து, துரையை அதனோடு பேச வைத்தார்கள். 2011இல் ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்றின் பேரால் தம் சேமலாபத்தில் கை வைக்க வந்தபோது கட்டுநாயக்கத் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிர் துறந்தார், சட்டமூலம் கைவிடப்பட்டது. அன்று அவர்கள் காத்தது மலையகத்தாரின் பணத்தையுந்தான். அவ்வாறு காக்கப்பட்ட பணம் உரியவளின் கைக்கு வந்து சேரும் வரை அந்தப் போராட்டம் பாதியிலேயே நிற்கிறது.

முப்பது ஆண்டுகளாக அவளுக்கு அரைப் பேர் போட்டவர்கள் இருக்கிறார்கள். இனியாவது முழுப் பேரையும் எழுதட்டும். எழுதி, அதற்குரியதை முழுமையாகக் கொடுக்கட்டும்.